பொன்னும் ஒளியும்: ஒரு செந்நீரின் வரலாறு

பொன்னின் நிறம் யாதென வினவினால், மஞ்சள் என்று விடை பகர எவரும் தயங்கார். ஆயினும் அதே பொன்னைக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துணிக்கைகளாக்கி நீரிலே மிதக்கவிடின், அந்நீர் மாதுளஞ்சாறு போலச் சிவந்து தோன்றும். துணிக்கைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூடினால் செம்மை மாறி நீலமாகும். இம்மாற்றம் வெறும் வேடிக்கை அன்று. நோயாளியின் உடலில் மறைந்திருக்கும் பிணியை வெளிப்படுத்தும் கருவியாக நூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர் இதனைப் பயன்படுத்தி வருகின்றனர். 2020 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் கொரோனாத் தொற்றை அறியும் பொருட்டு உலகெங்கும் வீடுகளிற் பயன்பட்ட பரிசோதனைத் தாள்களுட் பெரும்பாலானவற்றில் தோன்றிய செங்கோடும் இத்தகைய பொன் துணிக்கைகளின் கோடேயாம்.

பொன்னின் செம்மையைப் பண்டையோர் காரணம் அறியாமலே கையாண்டனர். இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் உரோமர் காலத்துக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. கி.பி. 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கிண்ணம், வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி ஊடுருவினாற் சிவப்பாகவும் காட்சி தருகின்றது. கண்ணாடியுட் கலந்துள்ள வெள்ளி, பொன் ஆகியவற்றின் நுண்துகள்களே இதற்குக் காரணம். 17 ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியரான குங்கல் என்பார் பொன்னைக் கொண்டு மாணிக்க நிறக் கண்ணாடி செய்து புகழ் பெற்றார். இவர்களெல்லாரும் கைத்திறன் மிக்கோர். ஆனால் மஞ்சட் பொன் சிவப்பது ஏன் என்ற வினாவை ஆய்வுக்கூடத்தில் வைத்து முறையாக விசாரித்த பெருமை மைக்கேல் பரடேக்கே உரியது.

பரடே கொல்லன் ஒருவனின் மகனாய் 1791 இற் பிறந்தவர். புத்தகங் கட்டுந் தொழில் பயின்று, பின்னர் விஞ்ஞானத்தின் உச்சியை எட்டியவர். 1845 ஆம் ஆண்டில், காந்தத்தின் வலிமை ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்ப வல்லது எனக் கண்டார். ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு மனிதர் பெற்ற முதற் சான்று அதுவே. அதன் பின் ஒரு பதார்த்தம் ஒளியை எவ்வாறு மாற்றுகின்றது என்ற வினா அவரை விடவில்லை. வயது அறுபத்தைந்தை நெருங்கியது. ஞாபகமும் தளர்ந்து கொண்டிருந்தது. அந்நிலையிலே அவர் பொன்னை எடுத்துக் கொண்டார். ஒளியின் அலைநீளத்தினும் பன்மடங்கு மெல்லியதாகத் தகடாக்கக் கூடிய உலோகம் பொன் என்பது அவருடைய கணிப்பு.

தட்டி மெலிவித்த பொன் தகட்டை இன்னும் மெல்லியதாக்கும் பொருட்டு, பொன்னின் குளோரைட்டுக் கரைசலின் மேற்பரப்பிற் பொசுபரசைக் கொண்டு மெல்லிய படலங்களைத் தோற்றுவித்தார். 1856 இன் தொடக்கத்தில் அத்தகைய படலங்களைக் கழுவிய நீர் செந்நிறமாயிருப்பதைக் கண்டார். பிறர் கொட்டிவிடும் கழுநீர் அது. அவரோ அதனைப் போத்தலில் அடைத்து, மாதக் கணக்காக ஆராய்ந்தார். ஒளிக்கற்றை ஒன்றை அதனூடு செலுத்தியபோது கற்றை சென்ற வழி நீருள் ஒளிர்ந்தது. முற்றாகக் கரைந்த பொருளாயின் அவ்வாறு ஒளிராது. ஆகவே நுணுக்குக்காட்டிக்கும் எட்டாத பொன் துணிக்கைகள் அங்கே மிதக்கின்றன என்று முடிவு செய்தார். சிறிது கறியுப்பு இட்டவுடன் நீர் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறுவதையும் குறித்து வைத்தார். 1857 பெப்ரவரி 5 ஆம் நாள் இலண்டன் றோயல் சங்கத்தில் நிகழ்ந்த பேக்கர் நினைவுப் பேருரையில் இவை யாவற்றையும் எடுத்துரைத்தார். அவர் செய்த செந்நீர்ப் போத்தல்களுட் சில இன்றும் இலண்டன் றோயல் நிறுவனத்திற் பாதுகாக்கப்படுகின்றன.

உப்பிட்டால் நீலமாகும் என்னும் அந்தச் சிறு குறிப்பு பின்னர் மருத்துவத்துக்குக் கதவு திறந்தது. ஆனாற் கதவு திறக்க அரை நூற்றாண்டு சென்றது.

வியன்னாவிற் பிறந்த றிச்சட் சிக்மொண்டி ஜேர்மனியின் ஜேனா நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் நிறக் கண்ணாடிகளைப் பற்றி ஆராய்ந்தவர். இருண்ட அறையிற் கூரைத் துவாரத்தினூடு விழும் வெயிற் கதிரில் தூசி மிதப்பதை யாவரும் கண்டிருப்பர். தூசியின் உருவம் தெரிவதில்லை. அது சிதறும் ஒளிப்புள்ளியே தெரிகின்றது. இத்தத்துவத்தை நுணுக்குக்காட்டியில் அமைத்து, பக்கத்திலிருந்து வலிய ஒளி பாய்ச்சி, 1903 அளவிற் சிக்மொண்டியும் சீடென்தொப்பும் பொன் துணிக்கைகளைத் தனித்தனியே கண்டனர். பரடே ஊகித்தது கண்ணுக்குப் புலனாயிற்று. சிக்மொண்டி இன்னொன்றும் செய்தார். புரதம் போன்ற பொருள்கள் பொன் துணிக்கைகளைப் போர்த்து, உப்பு அவற்றைக் கூட்டாதவாறு காக்கின்றன. அவ்வாறு காப்பதற்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும் என அளந்து, அவ்வளவுக்குப் ‘பொன் எண்’ எனப் பெயரிட்டார். 1925 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நொபெற் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பொன் எண்ணை மருத்துவத்துக்குக் கொண்டு சென்றவர் பேர்லினைச் சேர்ந்த கார்ல் லாங்கே. அக்காலத்து மனநோய் மனைகளிற் பெருந்தொகையானோர் சிபிலிசு என்னும் மேகநோயின் கடைசிக் கட்டத்தில் மூளை பழுதுற்றுக் கிடந்தனர். நேற்றுவரை குடும்பத்தைக் காத்த ஒருவன் திடீரெனத் தன்னை மன்னன் என்பான். கடன் வாங்கி வாரியிறைப்பான். பின்னர் நாக்குழறி, கைகால் சோர்ந்து, சில ஆண்டுகளில் இறப்பான். பிற உளநோய்களும் இவ்வாறே தொடங்குவதுண்டு. எது எது எனப் பிரித்தறிய வேண்டியது மருத்துவர் கடன். மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள தெளிந்த நீரில் அதற்குரிய தடயம் உண்டா எனத் தேடினர்.

லாங்கே, அந்நீரின் புரதம் பொன்னைக் காக்கும் என எதிர்பார்த்தே சோதனையைத் தொடங்கினார். மேகநோயாளரின் நீரோ பொன்னைக் காப்பதற்கு மாறாக அதனைக் கூடிப் படியச் செய்தது. எதிர்பார்ப்புப் பொய்த்த இடத்திலே புதிய முறை பிறந்தது. 1912 இல் அவர் வெளியிட்ட முறைப்படி, பத்துப் பரிசோதனைக் குழாய்களில் நோயாளியின் நீரை மென்மேலும் ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் செம்பொன் நீரை ஊற்றி வைப்பர். மறுநாட் காலையில் நிறங்களைப் பார்ப்பர். மாறாத சிவப்புக்கு 0. ஊதாவும் நீலமுமாகிய இடைநிறங்களுக்கு 1 முதல் 4 வரை. நிறம் முற்றாக நீங்கித் தெளிந்ததற்கு 5. முதற் குழாய்கள் யாவும் 5 எனக் காட்டி, பின்னவை படிப்படியாக 0 க்கு இறங்குமாயின், அது மூளையைப் பற்றிய மேகநோயின் கோலம் எனக் கொண்டனர். மூளைக்காய்ச்சலிற் பிற்பகுதிக் குழாய்களே மிகுதியும் மாறின. பத்து இலக்கங்கள் கொண்ட வரியொன்று மனிதன் ஒருவனின் விதியைச் சுட்டியது எனலாம்.

எனினும் இச்சோதனை மிகவும் குணங்கெட்டது. செம்பொன் நீரை ஆக்குவதே பெரும்பாடு. நீரை மும்முறை வடிக்க வேண்டும்; கண்ணாடிக் கலங்களில் அழுக்கின் சாயலும் இருத்தல் ஆகாது; எல்லாம் செவ்வையாகச் செய்தும் காரணந் தெரியாமல் ஒரு நாளின் ஆக்கம் ஊதாவாகப் போய்விடும். நல்ல ஆக்கம் என்று கருதப்பட்டவையும் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. துணிக்கைகளின் பருமன் வேறுபட்டால் அவை உப்புக்கும் புரதத்துக்கும் இசையும் விதமும் வேறுபடும். ஓர் ஆய்வுக்கூடம் மேகநோய் என்றதை இன்னோர் ஆய்வுக்கூடம் இல்லை எனக் கூடும். நரம்பின் உறை சிதையும் வேறொரு நோயிலும் இதே கோலம் தோன்றியமையால், வாசர்மன் 1906 இல் வகுத்த குருதிச் சோதனையின் துணையும் வேண்டப்பட்டது. தவறான விடை பெற்ற குடும்பங்களின் துயரம் எந்த நூலிலும் கணக்கிடப்படவில்லை. 1940களிற் பெனிசிலின் வந்தபின் அந்நோயே அரிதாயிற்று. புரதங்களை நேரே பிரித்தறியும் முறைகளும் பெருகவே, லாங்கேயின் சோதனை வழக்கொழிந்தது. ஆனால் அது எழுப்பிய வினா ஒழியவில்லை. துணிக்கைகள் யாவும் ஒரே பருமனும் ஒரே வடிவும் பெறச் செய்வது எப்படி?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், பொன் ஏன் சிவக்கின்றது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஒளி என்பது மின்காந்த அலை என மக்ஸ்வெல் 1860களில் நிறுவினார். அவருடைய சமன்பாடுகளைக் கொண்டு, கிறைப்ஸ்வால்ட் நகரத்துப் பேராசிரியர் குஸ்தாவ் மீ 1908 இற் பொன் நீரின் நிறத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். பொன்னிலே கட்டற்று உலாவும் இலத்திரன்கள் உண்டு. ஒளியலையின் மின்புலம் அவற்றை முன்னும் பின்னும் தள்ளுகின்றது. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் அது உயர எழுவது போல, ஓர் அலைநீளத்தில் மட்டும் இலத்திரன்கள் பேராட்டம் ஆடி ஒளியை விழுங்குகின்றன. சிறு பொன் கோளத்துக்கு அந்த அலைநீளம் ஏறக்குறைய 520 நனோமீற்றர், அதாவது பச்சை. பச்சை விழுங்கப்பட, எஞ்சியது சிவப்பாகத் தோன்றுகின்றது. நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்ததில் ஒரு கூறு. துணிக்கைகள் நெருங்கும்போது ஒன்றின் இலத்திரன் ஆட்டம் மற்றதைப் பற்ற, விழுங்கப்படும் அலைநீளம் நீள்கின்றது, நீர் நீலமாகின்றது. கோளத்தைக் கோலாக நீட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்ப் பகுதிக்கே சென்றுவிடும்.

இரசாயன வழியில் முன்னேற்றம் வந்தது. 1951 இல் அமெரிக்காவிற் துர்க்கேவிச்சும் துணைவரும், எலுமிச்சம்பழ அமிலத்தின் உப்பாகிய சித்திரேற்றைக் கொதிக்கும் பொற்கரைசலில் இட்டு, ஏறக்குறைய 20 நனோமீற்றர் பருமனுள்ள துணிக்கைகளை ஒழுங்காகப் பெற்றனர். இலத்திரன் நுணுக்குக்காட்டி அவற்றைப் படம் பிடித்தது. 1971 இல் போக், ரெயிலர் என்போர் பிறபொருளெதிரிகளைப் பொன் துணிக்கைகளோடு பிணைத்தனர். நோய்க்கிருமியைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரி வேட்டைநாய் என்றால், பொன் அதன் கழுத்து மணி எனலாம். 1980 இல் ஒல்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இப்பிணைப்பைக் கொண்டு கருப்பக் குறியாகிய ஓமோனை அறியும் முறையை வெளியிட்டனர். பின்னர் இத்துணிக்கைகள் தாட்கீலத்தில் ஏறின. உமிழ்நீரோ குருதித்துளியோ கீலத்தில் ஊறிச் செல்லும்போது, தேடப்படும் பொருள் இருப்பின் பொன் துணிக்கைகள் ஒரு கோட்டிற் சிக்கிச் செந்நிறம் காட்டும். கோடு மங்கலாயின் நோய் இருந்தும் இல்லை எனப் படும். லாங்கேயின் பழைய இடர்ப்பாடு இங்கேயும் தொடர்கின்றது. துணிக்கைகள் சீராகவும் திண்மையான நிறத்தோடும் அமைந்தாலன்றிக் கோட்டை நம்புவதற்கில்லை.

இவ்விடத்திலேதான் ஒளி மீண்டும் வருகின்றது. இம்முறை பார்க்கும் கருவியாக அன்று, உலைத்தீயாக. 1960 மே மாதத்தில் அமெரிக்கரான மெய்மன் முதலாவது லேசரை ஒளிரச் செய்தார். அதன் உள்ளே இருந்ததும் ஒரு மாணிக்கக் கோலே. பின்னர் வந்த நியோடிமியம் லேசரின் அலைநீளம் 1064 நனோமீற்றர். பொன் உருகும் வெப்பநிலையும் 1064 பாகை சதமம். இரண்டும் ஒத்திருப்பது தற்செயல். அதற்கு மறைபொருள் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த லேசரின் அலைநீளத்தைப் பாதியாக்கினால் 532 நனோமீற்றர் பச்சையொளி கிடைக்கின்றது என்பது தற்செயலினும் பயனுடையது. பொன் துணிக்கை பெரிதும் விரும்பி விழுங்கும் ஒளி அதுவே.

1999 இற் றோக்கியோப் பல்கலைக்கழகத்தில் தகாமி, குரிதா, கோடா ஆகியோர் இவ்வொளியின் குறுந்துடிப்புக்களைப் பொன் நீருட் செலுத்தினர். சூழ்ந்துள்ள நீர் கொதிக்கவில்லை; துணிக்கை மட்டும் இமைப்பொழுதினும் மிகச் சிறிய நேரத்துட் பழுத்து உருகியது. உருகிய பொன் தன் மேற்பரப்பு இழுவிசையால் உருண்டு திரளும். கோணல் மாணலான துகள் நல்ல கோளமாகும். மிகைப் பருமனானவை மேலும் சூடேறி, ஆவியாகித் தேய்ந்து சிறுக்கும். சிறியவையோ பெற்ற வெப்பத்தை உடனே நீருக்குக் கொடுத்துத் தப்பிக்கொள்ளும். ஆகவே பெரியதும் சிறியதுமாய்க் கலந்திருந்த கூட்டம் ஓரளவுக்கு ஒழுங்குபடுகின்றது. பொற்கொல்லன் பொன்னைப் புடமிட்டுத் தூயதாக்குவான். இங்கே துணிக்கை தனித்தனியே புடம்போடப்படுகின்றது. துடிப்பின் வலிமை எல்லை கடந்தால் யாவும் சிதறி உருக்குலையும் என்பதையும் கூறவேண்டும். ஒளியின் அளவை நிதானிப்பதிலேயே இக்கலை தங்கியிருக்கின்றது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1993 இல், வேறொரு வழியும் திறந்தது. உலோகத் தகட்டை நீரில் அமிழ்த்தி லேசரால் தாக்கினால், தகட்டிலிருந்து துணிக்கைகள் பெயர்ந்து நீரிற் கலக்கும். இரசாயனப் பொருள் எதுவும் சேர்வதில்லை, மேற்பரப்புத் தூயது, பிறபொருளெதிரி நேரே பற்றலாம். கலங்கழுவிக் களைத்த லாங்கேயின் காலத்தார் இதனைக் கண்டால் பெருமூச்செறிந்திருப்பர். லேசர் இன்றியும் ஒளி வடிவமைக்க வல்லது. 2001 இல் அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தார், வெள்ளிக் கோளங்கள் கொண்ட நீரைச் சாதாரண ஒளிர்குழாய் விளக்கின் கீழ் ஏறக்குறைய 70 மணி நேரம் வைத்து, கோளங்கள் முக்கோணத் தட்டுக்களாக மாறியதைக் கண்டனர். அங்கே நிகழ்ந்தது உருகுதல் அன்று. ஒளியால் தூண்டப்பட்ட மெதுவான வளர்ச்சி.

பொன் கோல்களின் கதை சற்று வேறு. கோல் வடிவத் துணிக்கைகள் விழுங்கும் செந்நிறக்கீழ் ஒளி தசையையும் தோலையும் ஓரளவு ஊடுருவிச் செல்லும். ஒளித்துடிப்பால் சூடேறிய கோல் நுண்ணிய ஒலியை எழுப்பும். அவ்வொலியைக் கேட்டு உடலுள் அது தங்கியுள்ள இடத்தைப் படமாக்கலாம். ஒளி ஒலியாகும் இந்நிகழ்ச்சியை 1880 இற் கண்டவர் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் என்பது பலர் அறியாத செய்தி. ஆனாற் கோல்களை ஆக்கும்போது நீளம் ஒன்றுக்கொன்று மாறுபடும். வலிய துடிப்புப் பட்டாற் கோல் உருகி உருண்டையாகிவிடும். 2000 ஆம் ஆண்டையொட்டிய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின.

2017 இல் ஸ்பானிய ஆய்வாளர் இக்குறையையே வழியாக்கினர். ஒரு செக்கனைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு கூற்றைப் பத்துக் கோடியாகப் பிரித்தாற் கிடைக்கும் நேரம் பெம்ரோச் செக்கன் எனப்படும். சில பத்துப் பெம்ரோச் செக்கன்களே நீடிக்கும் மெல்லிய துடிப்புக்களால், கோல்களை உருண்டையாக்காமல் சிறிதே திருத்தினர். அளவுக்குப் பொருந்தாத கோல்கள் ஒளியை விழுங்கித் திருந்தின. கோலின் மேற்பரப்பைப் போர்த்துள்ள சவர்க்கார இனப் பொருளே வெப்பத்தை வெளியேற்றும் வேகத்தைத் தீர்மானித்தது எனவும் கண்டனர். முடிவிற் கூட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கும் வீணைகள் போல, மிகக் குறுகிய அலைநீளப் பகுதியில் மட்டும் ஒளியை விழுங்கியது.

ஒரே சுருதி ஏன் வேண்டும் என்பதற்குத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமனின் கண்டுபிடிப்பே சிறந்த விளக்கம். ஒளி மூலக்கூறிற் பட்டுச் சிதறும்போது அதன் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகின்றது எனவும், அம்மாற்றம் அம்மூலக்கூறின் கைரேகை போன்றது எனவும் அவர் 1928 பெப்ரவரி 28 இற் கல்கத்தாவில் நிறுவினார். அச்சிதறல் மிக மெலிந்தது. 1974 இல் இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரத்தில், கரடான வெள்ளிப் பரப்பின் மீது அது வியக்கத்தக்க வலிமையோடு தோன்றியது. உலோகத்தின் இலத்திரன் ஆட்டம் அங்கே ஒளியின் மின்புலத்தைப் பெருக்குகின்றது என மூன்று ஆண்டுகளின் பின் விளக்கம் கிடைத்தது. பொன் துணிக்கைகளும் அவ்வாறே பெருக்கும். பயன்படுத்தும் லேசரின் அலைநீளத்துக்கு இசைந்த துணிக்கைகள் மட்டுமே முழுப் பயன் தரும். இசையாதவை வெறும் பாரம். இசைவு மிகுந்தால், குருதியில் மிகச் சொற்பமாயுள்ள நோய்க்குறியையும் கண்டுகொள்ள வாய்ப்புண்டு.

இம்முறைகளுட் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்துவிடவில்லை. உடலினுட் செலுத்தப்படும் பொன் கரைந்து போவதில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கும். கோல்களைப் போர்த்தும் பொருள் கலங்களுக்கு நஞ்சாகலாம். அதனை நீக்கி வேறு போர்வை இடல் வேண்டும். உடலுக்குப் புறத்தே, தாளிலும் குழாயிலும் நடைபெறும் சோதனைகளுக்கு இத்தடைகள் இல்லை. அங்கே நின்ற தடை ஆக்கத்தின் அளவே. ஒளிக்கற்றை ஒரே வேளையிற் சிறுதுளி நீரையே திருத்தும். தாட்கீலங்களோ கோடிக்கணக்கில் வேண்டப்படுகின்றன. ஆகவே நீரை மெல்லிய தாரையாக ஓடவிட்டு, ஒவ்வொரு துளியும் ஒரே அளவு ஒளியைப் பெறுமாறு அமைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2016 இல் ஜேர்மனியின் எசன் நகரத்து ஆய்வாளர், தகட்டை வலிய லேசராற் தாக்கும் முறையில், மணிக்குச் சில கிராம் எடையுள்ள உலோகத் துணிக்கைகளை இடைவிடாது பெற்றுக் காட்டினர்.